அன்னப்பூரணியின் பதினொரு கிலோ

தொண்ணூற்றேழாம் ஆண்டில் புன்னைமுனைத் துறையால் வாவியைக் கடந்து மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போகிற எவரும் எண்பத்தைந்து கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. இது ஆளும் அவர் கொண்டுபோகிற சாமானும் சேர்ந்த நிறை. ஆள் எவ்வளவு, சாமான் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் எங்கள் துறையில் இருக்கவில்லை. பிரிக்க மனமில்லாமல் அல்ல, தராசு இடம் கொடுக்கவில்லை.

யுத்த காலம், இக்கரை அரசாங்கத்தின் கையில் இருந்தது, அக்கரை மற்றவர்களின் கையில் இருந்தது. அக்கரைக்குச் சாமான் அளவுக்கு மிஞ்சிப் போய்விடக் கூடாது என்று துறைக்கடவை நிறைப் பணிமனை என ஒன்றைத் திறந்தார்கள். பணிமனைக்குத் தராசு வேண்டுமே. மூடிக் கிடந்த நெல்லுக் களஞ்சியத்திலிருந்து மேடைத் தராசு ஒன்றை எட்டுப் பேர் தூக்கி வந்து வைத்தார்கள். அது நெல்லு மூட்டை நிறுக்கவென்று செய்த தராசு. நாற்பது கிலோவுக்குக் கீழே எதை வைத்தாலும் அதன் முள் அசையாது. எட்டுக் கிலோ மாவை வைத்தாலும் சும்மா நிற்கும், முப்பது கிலோ சீனியை வைத்தாலும் சும்மா நிற்கும். சாமான் நிறுக்கத் திறந்த பணிமனையில் சாமானை நிறுக்க முடியவில்லை. நிறைப் பொறுப்பதிகாரி கோணாமலை வேறு தராசு கேட்டு எழுதவில்லை, வேறு சட்டம் எழுதினார். சாமானைத் தலையில் வைத்துக்கொண்டு ஆளும் சேர்ந்து ஏறட்டும் என்றார்.

முதலில் ஆளைத் தனியாக நிறுத்து, பிறகு சாமானோடு நிறுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கலாமே என்று ஒரு கணக்கு வாத்தியார் கேட்டார். கோணாமலை படிவத்தை எடுத்துக் காட்டினார். அதில் ‘நிறை’ என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. வாத்தியார் அன்றைக்கு அக்கரைக்குப் போகவில்லை.

பணிமனை திறந்த அன்று கோணாமலை ஒரு பேச்சுப் பேசினார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டோம், போக வேறு வழி இருக்கவில்லை.

“அன்பான பொதுமக்களே, இந்தப் பணிமனை எவரையும் தடுப்பதற்காகத் திறக்கப்படவில்லை. நிறுப்பதற்காக மட்டுமே திறக்கப்பட்டது. நிறுத்த பிறகு சிலர் போக முடியாமற் போகலாம், அது அவர்களுடைய நிறையின் தவறு. சராசரிப் பிரசை ஒருவர் அறுபது கிலோ. அவருக்கு மாதமொன்றுக்கு வேண்டிய சாமான் இருபத்தைந்து கிலோ. ஆகவே எண்பத்தைந்து. நிறைக்கு இனமில்லை, மதமில்லை, அரசியலுமில்லை. அறுபதுக்கு மேல் இருப்பவர் தன்னுடைய பங்கை முன்கூட்டியே சாப்பிட்டுவிட்டார் என்பது எனது தாழ்மையான அபிப்பிராயம்.”

கோணாமலை தொண்ணூற்றெட்டுக் கிலோ இருப்பார் என்பது எங்களுடைய தாழ்மையான அபிப்பிராயம். நிறுத்துப் பார்க்க வழியில்லை. பணிமனையின் மேசை, கதிரை, பொறுப்பதிகாரி ஆகிய நிலையான சொத்துகள் தராசில் ஏற்றப்பட மாட்டா என்று சுவரில் அறிவித்தல் ஒட்டியிருந்தது.

அந்தச் சட்டத்தால் எங்கள் ஊரில் மெலிந்தவர்களுக்கு நல்ல காலம் பிறந்தது. ஆச்சிப்பிள்ளை என்றொரு மனுசி, நாற்பத்து மூன்று கிலோ. அதுவரை ஊரில் அவளைக் கருவாடு என்றுதான் சொல்வார்கள். இப்போது அவள் தலையில் நாற்பத்திரண்டு கிலோ மூட்டையை இரண்டு பேர் பிடித்து ஏற்றிவிட, தராசில் நிமிர்ந்து நின்று, சட்டப்படி கரை கடந்தாள். பெண் பார்க்கப் போனவர்கள்கூட நிறத்தை விட்டு நிறையைக் கேட்கத் தொடங்கினார்கள்.

இந்த நிலையில்தான் அன்னப்பூரணி தராசில் ஏறினாள்.

அன்னப்பூரணி வாவியில் வலை வீசுகிற இளையதம்பியின் பெண்சாதி. வயது ஐம்பத்து மூன்று. மாதத் தீட்டு நின்று மூன்று வருடம். தீட்டு நிற்கிற வரைக்கும் ஐம்பத்தெட்டுக் கிலோவில் இருந்த உடம்பு, நின்றதும் தன் இஷ்டத்துக்கு நடக்கத் தொடங்கிவிட்டது. அதே சோறு, அதே மீன், அதே வேலை. ஆனால் சட்டையின் தையலை வருடத்துக்கு ஒருமுறை பிரித்துவிட வேண்டியிருந்தது. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதில்லை. முழங்கால் நோவைக்கூட வயதின் மேல் போட்டுவிட்டு இருந்தாள். கவலை வந்தது மகளால்.

மகள் தவமலரை அக்கரையில் பழுகாமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தை மாதத்தில் அவளுக்கு மூன்று மாதம் என்று செய்தி வந்தது. தலைப்பிள்ளை. தாய் வீட்டில்தான் பெற வேண்டும், ஆனால் தவமலருக்கு இக்கரைக்கு வரப் பாஸ் கிடைக்கவில்லை. மகள் வர முடியாவிட்டால் தாய் போக வேண்டும், போகிற தாய் வெறுங்கையோடு போக முடியாது. அக்கரையில் கடைகள் துடைத்துவிட்டது போலக் கிடந்த காலம். அன்னப்பூரணி யோசித்து யோசித்து ஒரு பட்டியல் போட்டாள். பிள்ளை பெற்றவளுக்குக் காயம் காய்ச்ச உள்ளி, மல்லி, மிளகு, வேர்க்கொம்பு, மஞ்சள். பால் சுரக்கப் பால்சுறாக் கருவாடு. பால்மா, சீனி, சவுக்காரம், பிள்ளையைச் சுற்ற வெள்ளைத் துணி. எல்லாம் பத்தொன்பது கிலோ வந்தது. அதில் ஒன்றையும் குறைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

பாஸுக்குப் பதியப் போன அன்று வெறுங்கையோடு தராசில் ஏறினாள்.

“எழுபத்தேழு,” என்றார் எழுதுவினைஞர் சீனித்தம்பி. நல்ல மனுசன், ஆனால் பயந்தவர். “அக்கா, நீங்க எட்டுக் கிலோதான் கொண்டு போகலாம்.”

“எட்டுக் கிலோவில என்னத்தக் கொண்டு போற தம்பி? ஆச்சிப்பிள்ளை நாப்பத்திரெண்டு கிலோ கொண்டு போறாளே.”

“அவ நாப்பத்திமூண்டு அக்கா.”

“நான் என்ன செய்யிற? இது நான் கேட்டு வந்த உடம்பா?”

உள்ளே இருந்த கோணாமலை கதிரையை விட்டு எழும்பாமலே பதில் சொன்னார்.

“கேட்டு வந்ததோ கேளாமல் வந்ததோ, தராசில ஏறினால் அதுவும் சாமான்தான்.”

அன்னப்பூரணி நேரே போனது அரசாங்க மருந்தகத்துக்கு. அங்கே நோய் பார்த்து மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி றவூப் இருந்தார், ஏறாவூர்க்காரர். வெட்கத்தை விட்டு விசயத்தைச் சொன்னாள். பதினொரு கிலோ குறைய வேண்டும், ஆடிக்கு முன்னம்.

“குறையலாம் அக்கா,” என்றார் றவூப். “தீட்டு நிண்டாப் பொறகு உடம்பு ஒரு கஞ்சன். குடுக்கிறத்தச் செலவழியாம வயித்தில சேத்து வெச்சிரும். அதுக்காகப் பட்டினி கிடக்கக் கூடா. பட்டினி கிடந்தா சதைதான் வத்தும், கொழுப்பு இரிந்திரும். சோத்தப் பாதியாக்குங்க, மீனக் குறைக்காதீங்க, கீரையக் கூட்டுங்க. சீனித் தேத்தண்ணி வேணாம். நாளுக்கு ஒரு மணித்தியாலம் கை வீசி நடக்கணும். ஒண்டு சொல்றன், குறைக்கிறது லேசு. குறைஞ்சத்த அப்பிடியே வெச்சிரிக்கிறதுதான் பாடு.”

சோற்றைப் பாதியாக்குவது அன்னப்பூரணிக்குப் பெரிய பாடாக இருக்கவில்லை. நடப்பதுதான் பாடாகப் போயிற்று. அந்தக் காலத்தில் ஒருவர் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகலாம், கேட்டால் காரணம் சொல்லலாம். ஓர் இடத்துக்கும் போகாமல் நடப்பவருக்குச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. முதல் நாள் விடியற்காலையே சந்திக் காவலரணில் இருந்த ஆமிக்காரப் பெடியன் மறித்தான்.

“அம்மா எங்க போறது?”

“எங்கயும் இல்ல மகன். சும்மா நடக்கன்.”

“அங்க போய் என்ன செய்றது?”

“திரும்பி வாற.”

அவன் தன் மேலாளைக் கூப்பிட்டான். மேலாள் இன்னொருவரைக் கூப்பிட்டார். எங்கேயும் போகாமல், ஒன்றும் செய்யாமல், திரும்பி வருவதற்காகவே போகிற ஒரு மனுசியை அவர்கள் மூவரும் அதுவரை கண்டதில்லை. இளையதம்பி வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து மீட்டுக்கொண்டு போனார். மறுநாள் றவூப் ஒரு கடிதம் கொடுத்தார். ‘இவர் எங்கும் போகவில்லை. போய்த் திரும்புவதே சிகிச்சை.’ அதைப் படித்ததும் சந்தேகம் இன்னும் கூடியது.

கடைசியில் இளையதம்பிதான் வழி கண்டுபிடித்தார். வளவில் காய்த்துக் கிடந்த ஒரு பூசணிக்காயை எடுத்து அவளுடைய தலையில் வைத்தார்.

“சந்தைக்குப் போறன் எண்டு சொல்லு. திரும்பி வரக்க, விலை போகல்ல எண்டு சொல்லு.”

அது சரியாக வந்தது. அன்னப்பூரணி நாளும் விடியற்காலை பூசணிக்காயோடு போனாள், பூசணிக்காயோடு வந்தாள். மூன்று கிழமையில் அவளுக்கு இரண்டு கிலோ குறைந்தது. பூசணிக்காய்க்கு ஒன்றும் குறையவில்லை. நாலாம் கிழமை காவலரணில் நின்ற பெடியனுக்குப் பொறுக்கவில்லை. இந்த வயதில் இந்த மனுசி நாளும் சுமந்து போகிறாள், ஒருவரும் வாங்குகிறார்களில்லை. அவன் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து நீட்டிப் பூசணிக்காயைத் தானே வாங்கிக்கொண்டான். அன்னப்பூரணிக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் நல்ல மனத்துக்கும், நாளைக்கு எதைச் சுமப்பது என்கிற கவலைக்கும் சேர்த்து அழுதாள். மறுநாளிலிருந்து இரண்டு தேங்காய் சுமந்தாள். அவன் லீவில் போகிற வரைக்கும் அதையும் கிழமைக்கு ஒருதரம் வாங்கினான்.

இப்படியே சித்திரைக் கடைசியில் அவள் அறுபத்தாறுக்கு வந்தாள். முழங்கால் நோவு போய்விட்டது. றவூப் பிரஷர் பார்த்துவிட்டு, அவள் விழுங்கிவந்த இரண்டு குளிசையில் ஒன்றை நிறுத்தினார். அன்னப்பூரணி பத்தொன்பது கிலோவையும் ஒரு பொட்டணமாகக் கட்டி, தலையில் வைத்து, துறைக்குப் போய்த் தராசில் ஏறினாள். முள் எண்பத்தைந்தில் போய் நின்றது.

சீனித்தம்பி தன்னை அறியாமல் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் கோணாமலை வெளியே வந்தார். பொட்டணத்தைப் பார்த்தார், அன்னப்பூரணியைப் பார்த்தார், பதிவேட்டைப் புரட்டினார். பொட்டணத்தை இறக்கிவிட்டு ஏறச் சொன்னார்.

“தை மாசம் எழுபத்தேழு. இப்ப அறுபத்தாறு. மிச்சம் பதினொண்டும் எங்க?”

“குறைஞ்சி போச்சி ஐயா.”

“குறைஞ்சது தெரியுது. எங்க போனது எண்டு கேக்கிறன்.”

“அது எங்க போகும்? நடந்தன், சோத்தக் குறைச்சன், போயிட்டுது.”

“அம்மா, நான் பதினேழு வருசம் நெல்லு நிறுத்தவன். ஒரு மூட்டையில பதினொரு கிலோ குறைஞ்சால் இன்னொரு மூட்டையில பதினொரு கிலோ கூடியிருக்கும். நிறை காத்தில கரையாது. இந்தக் கரையில இல்லையெண்டால் அந்தக் கரையில இரிக்க வேணும். அந்தக் கரைக்கு என்ர கையெழுத்தில்லாமல் ஒரு கிலோ போக ஏலாது.”

அதற்கென்று ஒரு படிவம் அன்றைக்கே பிறந்தது. இழந்த நிறை பற்றிய வெளிப்படுத்தல். இழந்த இடம், இழந்த திகதி, எவரிடம் ஒப்படைக்கப்பட்டது, மீளப் பெறும் உத்தேசம் உண்டா என்று நாலு கேள்வி. நாலாவது கேள்வியை அன்னப்பூரணி திரும்பவும் வாசித்தாள். அந்தக் கேள்வியைத்தான் அவள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இருந்து நாளும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். இல்லை என்று எழுதச் சொன்னாள்.

படிவத்தோடு கிராம சேவகரின் அத்தாட்சிக் கடிதமும் வேண்டும். கிராம சேவகர் நேர்மையான மனுசன்.

“நான் கண்ணால கண்டதுக்குத்தான் கடிதம் குடுப்பன் அக்கா. நீங்க மொத்தமா இரிந்ததக் கண்டன். இப்ப மெலிஞ்சி நிக்கிறதயும் காணுறன். மெலிஞ்சதக் காணல்லையே.”

“மெலியிறத எப்பிடித் தம்பி காட்டுற?”

“அதான் எனக்கும் விளங்கல்ல.”

வைகாசியில் கோணாமலையின் புதிய கட்டளை சுவரில் ஏறியது. அதை அவரே வாசித்து விளக்கினார்.

“மாதவிடாய் நின்ற பெண்களின் மெலிவு நிலையில்லாதது. குறைந்த நிறை திரும்பி வரக் கூடியது என்று வைத்திய நூல்கள் சொல்லுகின்றன. இன்று அறுபத்தாறாகப் போகிறவர் அக்கரையில் நாலு நாள் சாப்பிட்டு எழுபதாகத் திரும்பினால், அந்த நாலு கிலோவுக்கு இந்தப் பணிமனை யாருக்குப் பதில் சொல்வது? ஆகவே குறைந்ததாகச் சொல்லப்படும் நிறை, ஆறு மாதத்துக்கு இந்தப் பணிமனையின் கண்காணிப்பில் இருக்கும். சம்பந்தப்பட்டவர் ஒவ்வொரு புதன்கிழமையும் காலை ஒன்பது மணிக்குத் தராசில் ஏற வேண்டும். அரைக் கிலோ கூடினாலும் ஆறு மாதம் புதிதாகத் தொடங்கும். கண்காணிப்பில் உள்ள நிறை துறையைக் கடக்க முடியாது. ஒரு தாயின் அன்பை நான் மதிக்கிறேன். அன்புக்குப் படிவம் இல்லாதபடியால் அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.”

“என்ர மகளுக்கு ஆடியில புள்ள பிறக்கும் ஐயா,” என்றாள் அன்னப்பூரணி.

“பிறக்கட்டும். பிறக்கிற பிள்ளை மூண்டு கிலோ. அது எங்கட தராசில தெரியாது.”

அதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார்.

புதன்கிழமைகள் தொடங்கின. றவூப் சொன்னது எவ்வளவு உண்மை என்று அன்னப்பூரணிக்கு அப்போதுதான் தெரிந்தது. குறைக்கும்போது ஒவ்வொரு கிழமையும் ஒரு சந்தோசம் இருந்தது. வைத்திருப்பதில் அப்படி ஒன்றும் இல்லை. போன கிழமை அறுபத்தாறு, இந்தக் கிழமை அறுபத்தாறு, வருகிற கிழமையும் அறுபத்தாறு. உடம்பு மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பிப் போக ஒவ்வொரு நாளும் வழி தேடியது. பால்சோறு கனவில் வந்தது. கண்ணகி அம்மன் சடங்கு வைகாசியில் வந்தது, ஊரெல்லாம் பொங்கல். வழக்கமாகப் பத்து வீட்டிலிருந்து அவளுக்குப் பொங்கல் வரும். இந்த வருடம் ஒரு வீட்டிலிருந்தும் வரவில்லை. ஊரே கூடிப் பேசி அவளுக்குப் பொங்கல் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தது. இளையதம்பி கிணற்றடியில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து சாப்பிட்டார். அன்பு மிகுந்த ஊர்தான், ஆனால் அன்றைக்குப் போல அன்னப்பூரணி ஒருநாளும் தனிமைப்பட்டதில்லை.

இதற்கிடையில் பணிமனையைப் பார்வையிடப் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். காட்டுவதற்குக் கோணாமலையிடம் தராசைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. ஆகவே அன்னப்பூரணியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“ஐயா, யுத்தத்தால் மக்கள் நலிந்து போகிறார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். இந்தத் தாயைப் பாருங்கள். இவர் நலியவில்லை, எங்களுடைய பணிமனையால் குறைக்கப்பட்டிருக்கிறார். பிரஷர் இறங்கியிருக்கிறது, முழங்கால் நோவு போயிருக்கிறது. குளிசைக்கு ஒரு சதமும் செலவில்லை. சாமானைத் தடுக்கத் தொடங்கினோம், சுகாதாரத்தில் வந்து முடிந்திருக்கிறது. இந்த மாவட்டத்தின் மக்கள் அனைவரையும் இப்படி ஆக்க முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது.”

பெரிய அதிகாரி மனம் மகிழ்ந்தார். கழுத்தளவுக்குக் கட்டிய செவ்வந்தி மாலை ஒன்றை, அது உண்மையில் அவருக்கென்று கட்டியது, கழற்றி அன்னப்பூரணிக்குப் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைக்குப் புதன்கிழமை. மாலையோடு தராசில் ஏற்றி நிறுத்துக் காட்டினார்கள். அறுபத்தாறரை.

“மாலை ஐயா,” என்றாள் அன்னப்பூரணி.

“கட்டளையில மாலையப் பத்தி ஒண்டுமில்ல,” என்றார் கோணாமலை. பெரிய அதிகாரி முன்னால் அவர் ஒரு சட்டத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆறு மாதம் புதிதாகத் தொடங்கியது.

வீட்டுக்கு வந்து அன்னப்பூரணி மாலையைக் கழற்றி வாசற்படலையில் எறிந்தாள். அன்றைக்கு அவள் ஒரு சட்டிச் சோறும் சாப்பிட்டிருப்பாள், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அரிசியை உலையில் போடவும் போட்டாள். பிறகு கொதிக்கிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “நான் விட்டால் அந்தக் கோணாமலைக்குத்தான் சந்தோசம்,” என்று சொல்லிவிட்டுக் கீரை ஆயப் போனாள்.

ஆடி பிறந்து இரண்டாவது புதன்கிழமை. அன்னப்பூரணி வரிசையில் நின்றாள். முன்னால் ஆச்சிப்பிள்ளை மூட்டையோடு நின்றாள். அக்கரையிலிருந்து வந்த முதல் தோணி கரை தட்டுவதற்கு முன்னமே தோணிக்காரர் எழும்பி நின்று கத்தினார்.

“அன்னப்பூரணி அக்கா நிக்கிறாவா? மகளுக்கு விடியத்துக்கு முன்னம் நோக்காடு தொடங்கிட்டாம். தலைப்பிள்ளை, மருத்துவிச்சி தாயத் தேடுறாவாம்.”

அன்னப்பூரணி வரிசையை விட்டுப் பணிமனைக்குள் போனாள்.

“ஐயா, எனக்குப் பாஸ எழுதுங்க.”

“உங்கட கண்காணிப்பு முடியல்ல. இன்னும் நாலரை மாசம் இரிக்கு.”

“என்ர மகள் நாலரை மாசம் நோவோட இரிக்க மாட்டா.”

“நான் கல்லு நெஞ்சுக்காரன் இல்ல அம்மா. உங்கட இடத்தில நான் இரிந்தால் நானும் அழுவன். ஆனா என்ர இடத்தில நான் இரிக்கன்.”

அன்னப்பூரணி அழவில்லை. சுவரில் இருந்த கட்டளைக்கு முன்னால் போய் நின்றாள். பத்துப் புதன்கிழமை வரிசையில் நின்று வாசித்ததில் அது அவளுக்கு மனப்பாடம்.

“தம்பி சீனித்தம்பி, இத ஒருக்காச் சத்தமா வாசிங்க.”

சீனித்தம்பி கோணாமலையைப் பார்த்தார், பிறகு வாசித்தார். “குறைந்ததாகச் சொல்லப்படும் நிறை, ஆறு மாதத்துக்கு இந்தப் பணிமனையின் கண்காணிப்பில் இருக்கும். கண்காணிப்பில் உள்ள நிறை துறையைக் கடக்க முடியாது.”

“ஐயா, குறைஞ்ச நிறை எவ்வளவு?”

“பதினொண்டு.”

“அப்ப உங்கட கண்காணிப்பில இரிக்கிறது அந்தப் பதினொண்டுதானே. அது துறையக் கடக்கக் கூடா, சரி. அது என்னட்ட இல்ல. நீங்களே இஞ்ச வச்சிக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்க. நிக்கிற அறுபத்தாறும் கண்காணிப்பில இல்லாத அறுபத்தாறு. அது மகளிட்டப் போகுது.”

கோணாமலை கட்டளையை முதலிலிருந்து வாசித்தார். அதை எழுதியது அவர்தான். எழுதும்போது இப்படி ஓர் ஓட்டை இருப்பது அவருக்குத் தெரியவில்லை. ஆனால் சட்டத்துக்கு மாறாக ஒரு காரியமும் செய்யாத மனுசன்.

“பதினொரு கிலோவும் இஞ்சதான் இரிக்கு எண்டதுக்கு என்ன அத்தாட்சி?” என்று கடைசியாகக் கேட்டார்.

“இவ்வளவு நாளும் கண்காணிச்சது நீங்கதானே ஐயா. இல்லாத ஒண்டையா கண்காணிச்சீங்க?”

கோணாமலை கதிரையில் இருந்துவிட்டார். சீனித்தம்பி அவருடைய வாயைப் பார்க்காமல், அந்த வருடத்தில் முதல்தடவையாகத் தன் சொந்த யோசனையில் பேனாவை எடுத்தார். ஒரு பற்றுச்சீட்டு எழுதினார். ‘இளையதம்பி அன்னப்பூரணி என்பவருக்குச் சொந்தமான பதினொரு கிலோ நிறை, பணிமனைப் பொறுப்பில் நல்ல நிலையில் ஏற்றுக்கொள்ளப்பட்டது.’ முத்திரை குத்தி நீட்டினார். பாஸையும் எழுதினார்.

பத்தொன்பது கிலோப் பொட்டணம் வீட்டில் கிடந்தது. இளையதம்பி எடுத்து வர ஓடப் பார்த்தார்.

“தோணி நிக்காது, விடுங்க,” என்றாள் அன்னப்பூரணி. “எந்தச் சாமானும் வேணாம், நான் போனால் போதும்.”

“நீ போ,” என்றாள் ஆச்சிப்பிள்ளை. “பொட்டணத்த நான் நாளைக்குக் கொண்டு வாறன். நாப்பத்திமூண்டில எனக்கு இடம் கனக்கக் கிடக்கு.”

ஏழு மாதமாக எந்தப் பொட்டணத்துக்காகச் சோற்றைக் குறைத்து, பூசணிக்காய் சுமந்து, பொங்கலை மறந்து கிடந்தாளோ அந்தப் பொட்டணம் இல்லாமல், கையை வீசிக்கொண்டு அன்னப்பூரணி தோணியில் ஏறினாள். அக்கரையில் உழவு மெசின் ஒன்றில் தொற்றிக்கொண்டு பழுகாமத்துக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. தவமலர் இன்னும் நோவில்தான் இருந்தாள். தாயைக் கண்டவுடன் நோவை மறந்து பார்த்தாள்.

“அம்மா, என்ன இப்பிடி மெலிஞ்சி போனீங்க? வருத்தமா?”

“வருத்தமில்ல மனே. உனக்குச் சாமான் கொண்டு வரத்தான் மெலிஞ்சன்.”

“சாமான் எங்க?”

“கொண்டு வரல்ல.”

தவமலர் சிரித்தாள். அடுத்த நோ வரும் வரைக்கும் தாயும் மகளும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். மருத்துவிச்சிக்குக் கோபம் வந்தது. பின்னேரம் நாலு மணிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. அன்னப்பூரணியின் இடது கை மகளின் பிடியில் கன்றிப் போயிருந்தது. அந்தக் கையை அவள் இரண்டு நாளாக ஒருவரையும் தொட விடவில்லை.

முப்பத்தோராம் நாள் பணிமனையிலிருந்து கடிதம் வந்தது. ஆச்சிப்பிள்ளைதான் கொண்டு வந்தாள். ‘தங்களுக்குச் சொந்தமான பதினொரு கிலோ நிறை முப்பது நாட்களாகப் பொறுப்பேற்கப்படாமல் உள்ளது. பணிமனையில் இட நெருக்கடி நிலவுவதால் தாங்கள் உடனடியாக நேரில் சமுகமளித்து மேற்படி நிறையைத் திரும்ப ஏற்றுக்கொள்ள வேண்டும். தவறின் பகிரங்க ஏலத்தில் விடப்படும். கோணாமலை, நிறைப் பொறுப்பதிகாரி.’

அன்னப்பூரணி அன்று வரைக்கும் விடியற்காலை நடையை விடவில்லை. அக்கரை வயல்வட்டையில் வரம்பு வழியே பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். எங்கே போகிறாய் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை, பிள்ளை வைத்திருக்கிறவளிடம் கேட்க என்ன இருக்கிறது. கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, மருமகனிடம் கடதாசி வாங்கிப் பதில் எழுதினாள்.

‘மதிப்புக்குரிய ஐயாவுக்கு, நீங்கள் காவல் வைத்திருக்கும் பதினொன்றில் ஒரு கிலோ, உங்களுக்குத் தெரியாமல் வாவியைக் கடந்து என்னிடம் வந்துவிட்டது. சம்பந்தி வீட்டுச் சோறு அப்படி. நடக்கிறேன், அது போய்விடும். மற்றப் பத்தும் எனக்கு வேண்டாம், ஏலத்தில் விடுங்கள். உங்களுக்குத் தேவையென்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நிலையான சொத்தோடு சேர்ந்து கிடக்கட்டும். நான் எப்போது வருவேன் என்று சொல்ல ஏலாது. பேத்தி ராவும் பகலும் கையில்தான் கிடக்கிறாள். நல்ல நிறை. இங்கே தராசு இல்லை, நான் மடியில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.’